கையில் எடுத்ததை வைக்க முடியாத தெரு

தூத்துக்குடி பாய்மரத் தெருவில் கையில் எடுத்ததைக் கீழே வைக்க முடியாமல் நூற்றுப் பன்னிரண்டு நாள் ஓடினதே, அந்தக் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் ஒரு கட்டைவிரலில் இருந்துதான் தொடங்க வேண்டும். ரெமிஜியுஸின் இடது கைக் கட்டைவிரல் அது. ஐம்பத்தொரு வயசில் பக்கவாதம் வந்து, வலது கை போய், வலது கால் போய், பேச்சும் போய், பம்பாயிலிருந்து ரயிலில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கிவிட்டபோது, ஆண்டவர் அவனிடம் பிடுங்காமல் விட்டுவைத்ததில் உருப்படியாக வேலை செய்தது அந்தக் கட்டைவிரலும் பக்கத்து விரலும்தான். நாற்காலியின் கைப்பிடியில் அது சும்மா இருக்காமல் மேலும் கீழும் இடமும் வலமுமாக நகர்ந்துகொண்டே இருந்தது, இரண்டரை வருஷம்.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் தங்கச்சி சலேத்மேரி. வாய்விட்டுச் சொல்வதென்றால், அவளுக்கு அண்ணன் மேல் ஆத்திரம். அவளுக்குப் பதினாலு வயசாக இருந்தபோது, பத்தாம் வகுப்பு முடி, உன்னையும் கூப்பிட்டுக்கொள்கிறேன், ரெண்டு பேரும் சேர்ந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு ரயில் ஏறியவன், பத்தாம் வகுப்பு முடிந்து, பன்னிரண்டு முடிந்து, அம்மா போய், அப்பா போய், அவள் துறைமுகத்தில் கப்பல் ஏஜென்டு ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து, தானே புத்தகம் வாங்கிப் படித்து அந்த ஆபீசுக்கே புரோகிராம் எழுதிக் கொடுத்து, தலையில் நரையும் விழுந்தது வரைக்கும் கூப்பிடவே இல்லை. ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பதற்கு முப்பது வருஷமாக அவள் ஒரு கேள்வியைச் சேர்த்து வைத்திருந்தாள். கடைசியில் அவனே வந்து சேர்ந்தான், பதில் சொல்ல வாய் இல்லாமல். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்ல? கஞ்சி ஊட்டினாள், முகம் துடைத்தாள், மாத்திரை கொடுத்தாள். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த ரயிலுக்கு முன்னால் அந்த வீட்டில் நடந்தது ஒன்று உண்டு. தொண்ணூற்றொன்றில் ரெமி, கப்பல்காரன் ஒருவன் விற்றுவிட்டுப் போன சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, டிவியில் சொருகி, சாவிகளின் மேல் தமிழ் எழுத்துகளை வெட்டி ஒட்டி, ஒரு விளையாட்டு எழுதினான். படம் கிடையாது, சத்தம் கிடையாது, வெறும் எழுத்து. நீ இன்ன இடத்தில் நிற்கிறாய், இன்னது தெரிகிறது என்று திரை சொல்லும். வடக்கே போ, எடு, திற என்று நீ அடிக்க வேண்டும், என்னென்ன செய்யலாம் என்று தொடக்கத்தில் ஒரு பட்டியலும் காட்டும். வீட்டு வாசலில் தொடங்கிப் படகேறி ஒரு தீவுக்குப் போய், அங்கே கெட்டுப்போன கலங்கரை விளக்குக்குள் நுழைந்து, கடைசி அறைக்குப் போய்ச் சேருவதுதான் ஆட்டம். தெருவே வந்து ஆடியது. கடைசி அறைக்கு முன்னால் பாறையில் ஓர் இடுக்கு வரும். அதற்குள் நுழைய ஒருத்தராலும் முடியவில்லை. என்ன அடித்தாலும் ‘இடுக்கு மிகவும் குறுகலானது’ என்றே திரை சொன்னது. விடையைக் கேட்டால் ரெமி சிரிப்பான். அந்தச் சிரிப்போடே கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறிவிட்டான். ஆட்டம் முழுவதையும் கையால் எழுதி வைத்திருந்த நீள நோட்டு மட்டும் அலமாரியில் தங்கிவிட்டது.

விரல் நகர்வதைப் பார்த்துப் பார்த்து ஒருநாள் சலேத்துக்குப் புரிந்துபோனது. அந்தக் காலத்து டிவி கேம் பெட்டி இருக்கிறதே, கேசட்டை ஊதிச் சொருகி ஆடுவோமே, அதன் ரிமோட்டில் இடது பக்கம் நாலு திசைப் பொத்தான் உண்டு, அதன் மேல் கட்டைவிரல் போகிற மாதிரிதான் இது போகிறது. பழைய சாமான் கடையில் பெட்டி ஒன்று கிடைத்தது. ரிமோட்டின் பின்பக்கம் ஆட்காட்டி விரலுக்கு எட்டுகிற மாதிரி ஒரு பொத்தானைப் பற்றவைத்தாள். அப்புறம் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அண்ணனுடைய ஆட்டத்தை அந்தப் பெட்டிக்குள் இறக்கும் வேலையில் உட்கார்ந்தாள். பாசத்தில் செய்தாளா வீம்பில் செய்தாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. இவன் கையில் ஏதாவது கொடுத்தால்தான் இவன் மனசில் என்ன இருக்கிறதென்று தெரியும் என்று மட்டும் நினைத்தாள்.

பதினொரு மாதம் ஆனது. அந்தப் பெட்டியின் கேசட்டுக்குள் இருக்கிற இடம் இந்தக் காலத்துப் போனில் ஒரு போட்டோவுக்குக்கூடப் பற்றாது. பெரிய சிப்பாக வாங்கிப் போட்டுப் பார்த்தாள், பழைய பெட்டி அதை ஏற்காமல் திரை முழுக்கக் கோடு கோடாக ஓடியது. ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் எட்டுக்கு எட்டுப் புள்ளியில் எப்படி அடக்குவது, எந்த எழுத்துக்கு எந்த எண் என்று நோட்டின் முதல் பக்கங்களில் அவனே கட்டம் போட்டு வைத்திருந்தான், அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். நோட்டின் கடைசி நாலு பக்கம் வெறும் எண்களாக இருந்தது. முடிவை யாரும் திருட்டுத்தனமாகப் படித்துவிடக் கூடாதென்று கடைசி அறையின் வாசகத்தை மட்டும் அவன் குழப்பி வைத்திருந்தான். மனசு வைத்தால் அரை நாளில் அவள் பிரித்திருப்பாள். பிரிக்கவில்லை. ஆடித்தான் படிக்க வேண்டும் என்று அவன் நினைத்திருந்தால் ஆடியே படித்துக்கொள்வோம் என்று எண்களை எண்களாகவே ஏற்றினாள்.

சாவிப்பலகை இல்லாத பெட்டி ஆனதால், ஆட்டத்தில் செய்யக்கூடிய செயல்களைத் திரையின் ஓரத்தில் வரிசையாக எழுதி, அம்புக்குறியை நகர்த்தித் தேர்ந்தெடுக்கிற மாதிரி வைத்தாள். பார், படி, கேள், எடு, கொடு, திற, மூடு, ஏற்று, அணை, ஏறு, இறங்கு, தோண்டு என்று பன்னிரண்டு வந்தது. அதோடு இடம் தீர்ந்தது. நோட்டில் பதின்மூன்று இருந்தது. பதின்மூன்றாவதான ‘வை’யைச் சேர்க்க இன்னும் இருநூறு எழுத்துக்கு இடம் வேண்டும், இருந்ததோ பதினொன்று. யோசித்துப் பார்த்தாள். அந்தக் காலத்தில் தெருவே கூடி ஆடினபோது ஒருத்தர்கூட ‘வை’ என்று அடித்து அவள் பார்த்ததில்லை. எடுத்ததையெல்லாம் கடைசிவரை சுமந்துகொண்டே போவார்கள், எதற்காவது உதவும் என்று. அவளும் அப்படித்தான். யாருக்கும் வேண்டாத சொல் போகட்டும் என்று விட்டாள், போனது.

மாதா திருவிழாக் கொடி இறங்கின அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, வீட்டுச் சாவி இடது கையில் இருக்க வலது கையால் கேசட்டை எடுத்து, பழக்கதோஷத்தில் ஊதி, பெட்டியில் சொருகி, ரிமோட்டை அண்ணன் கையில் கொடுத்தாள். திரையில் அவனுடைய எழுத்து வந்தது. ரெமியின் கண் நிறைந்து வழிந்தது. கட்டைவிரல் நகர்ந்தது, ‘எடு’ என்ற சொல்லில் நின்றது, அழுத்தினான். சாவியை ஆணியில் மாட்டலாம் என்று சலேத் சுவர்ப்பக்கம் போனாள். சாவி கையை விட்டு வரவில்லை.

அதே நேரத்தில் எதிர்வீட்டு ஜெபமாலை கையில் கரண்டி, அவர் மருமகள் ஷர்மி இடுப்பில் ஏழு மாதக் குழந்தை, முக்குக் கடை ஜெயக்கொடி அண்ணாச்சி கையில் தராசுப் படிக்கல். யாராலும் எதையும் கீழே வைக்க முடியவில்லை. வலித்ததா என்றால் இல்லை, ஒட்டியதா என்றால் அதுவும் இல்லை. விரல் பாட்டுக்கு இருந்தது, விடத்தான் மாட்டேன் என்றது. எறிந்து பார்த்தார்கள், தொங்கவிட்டுப் பார்த்தார்கள், தெருவைத் தாண்டி மெயின்ரோட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து, கரண்டியோடு மல்லுக்கட்டின மாமியார் கையிலிருந்து ஷர்மி எரிச்சலில் அதை வெடுக்கென்று வாங்கியபோது, அது லகுவாக வந்துவிட்டது. வைக்கத்தான் முடியாது, கொடுக்கலாம் என்று தெருவுக்கு அப்படித் தெரிந்தது.

பின்னே என்ன, மனுசர் எதற்குத்தான் பழகவில்லை. முதல் வாரம் அல்லாடினார்கள், இரண்டாவது வாரம் எரிந்து விழுந்தார்கள், மூன்றாவது வாரத்தில் ஒரு முறை உண்டாகிவிட்டது. அடுப்பில் இருக்கிற சட்டியை யாரும் தூக்குவதில்லை, இருந்த இடத்திலேயே கழுவி, இருந்த இடத்திலேயே பொங்கி, இருந்த இடத்திலிருந்தே அள்ளினார்கள். குளிக்கப் போகிறவர் கையில் இருப்பதை வாங்கிக்கொள்ள வாசலில் ஒருத்தர் நின்றார். கடலுக்குப் போகிறவர்களின் துடுப்பை விடியலில் ஐஸ் கம்பெனி ஆட்கள் கொடுத்தார்கள், ஐஸ் கம்பெனி ஆட்களின் தூக்குச்சட்டியைக் கரைக்கு வந்தவர்கள் வாங்கினார்கள். ஒரு சாமானை எடுக்கும் முன்னால், இது யார் கைக்குப் போகும் என்று யோசித்துவிட்டு எடுப்பது என்றானது. அதனாலேயே அநாவசியமாக எடுப்பது பாதி குறைந்தது.

கிளப்பில் கேரம் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டார்கள், ஸ்ட்ரைக்கர் விரலை விட்டுப் போனால்தானே ஆட. சீட்டைக் கீழே போட முடியாததால் ரம்மியும் நின்றது, அதில் வீட்டுப் பொம்பிளைகளுக்கு ஏகப்பட்ட திருப்தி. மாதா சொரூபம் இருக்கிற கெபியில் மெழுகுதிரியை நட்டு வைக்க முடியாமல், ஏற்றினவர்கள் அது உருகித் தீரும்வரை கையில் பிடித்துக்கொண்டே நின்றார்கள். இருபது வருஷத்தில் இப்படி ஒரு பக்தியை நான் பார்க்கவில்லை என்று பங்குச்சாமியார் பிரசங்கத்திலேயே சொன்னார். ஷர்மியின் குழந்தை இருபத்திரண்டு வீட்டு இடுப்பிலும் ஏறி இறங்கி, யாரைப் பார்த்தாலும் கையை நீட்டுகிற பிள்ளையாகிவிட்டது. ஆறு வருஷம் முகம் பார்க்காதிருந்த ஜெபமாலையும் ஷர்மியும் ஒரு நாளைக்கு நாற்பது தடவை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. எத்தனை நாளைக்குத்தான் முறைத்துக்கொண்டே கொடுப்பது, மூன்றாவது வாரம் சிரித்துவிட்டார்கள்.

எல்லாவற்றையும் விட விசேஷம் குடிதண்ணீர் மனு. குழாய் கேட்டு ஏழு வருஷமாக எழுதிக்கொண்டிருந்த தெரு அது. இந்தத் தடவை மனுவை ஓர் ஆபீசில் போய்க் கொடுத்தார்கள். வாங்கினவரால் அதை மேசையில் வைக்க முடியவில்லை. சாப்பிடும்போதும் மனு, மோட்டார் சைக்கிளிலும் மனு. அவர் மேலே இருக்கிறவர் கையில் திணித்தார், அவர் அதற்கும் மேலே திணித்தார். கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தால்தான் கை காலியாகும் என்று ஆனபோது ஒன்பதாம் நாள் குழி தோண்ட ஆள் வந்துவிட்டது. அதற்குப் பிறகு, இது இப்படியே இருந்தால்தான் என்ன என்று கேட்கிறவர்களும் தெருவில் இருந்தார்கள்.

சலேத் வீட்டில் சங்கதி வேறு. காலையில் அவள் சாவியை வாங்கிக்கொண்டு ரிமோட்டைக் கொடுப்பாள், சாயங்காலம் ரிமோட்டை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுப்பாள். ராத்திரி முழுக்க அவன் கையில் வீட்டுச் சாவி. விட்டுவிட்டுப் போனவன் கையிலேயே வீட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று முதலில் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொடுக்கும்போது விரல் படும். அவன் விரல் சூடாக இருக்கும். போகப்போக, அந்த நேரம் வந்தால் அவள் கை தானாக நீண்டது.

ஆட்டத்தில் அவன் இடுக்கு வரைக்கும் போய்விட்டான். எழுதினவனே அவன்தானே, நாற்பது நிமிடத்தில் போய் நிற்பான். அங்கே நின்றுகொண்டு அம்புக்குறியைக் கீழே கீழே கொண்டுபோவான். பன்னிரண்டாவது சொல்லையும் தாண்டி, ஒன்றுமில்லாத கறுப்பு இடத்தில் நிறுத்தி அழுத்துவான். பெட்டி ‘டிக்’ என்னும், ஒன்றும் நடக்காது. மறுபடி அழுத்துவான். ஒரு நாளைக்கு நூறு தடவை அழுத்துவான், அப்புறம் தங்கச்சியைப் பார்ப்பான். என்ன வேண்டும் என்று கேட்டால் மறுபடியும் அந்தக் கறுப்பு இடம்தான். டாக்டர் வந்து நாடி பார்த்துவிட்டு, இருதயம் ரொம்பப் பலவீனம், கிறிஸ்துமஸ் தாண்டினால் பெரிது என்று அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவன் எங்கேயோ போய்ச் சேரப் பார்க்கிறான், தன்னால்தான் முடியாமல் நிற்கிறான் என்பது மட்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எதனால் என்று தெரியவில்லை.

கண்டுபிடித்தது ஜெயக்கொடி அண்ணாச்சி. பையனாக இருந்தபோது அந்த இடுக்கில் மாதக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டவர் அவர். கையில் இருந்த படிக்கல்லை யாராவது வாங்க மாட்டார்களா என்று நவம்பரில் ஒருநாள் சலேத் வீட்டுக்குள் வந்தவர், திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். உதடு அசைய எண்ணினார்.

“பதிமூணு இருந்துச்சே, சலேத்து. ‘வை’ய எங்க பிள்ள?”

இடம் பற்றவில்லை, எடுத்துவிட்டேன் என்று அவள் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே குரல் இறங்கிவிட்டது. அண்ணாச்சி கையில் இருந்த படிக்கல்லைப் பார்த்தார். சலேத் தன் கையில் இருந்த சாவியைப் பார்த்தாள். ரெமி கறுப்பு இடத்தில் அம்புக்குறியை நிறுத்தி ஒரு தடவை அழுத்தினான்.

அன்று சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. யாரும் அவளைத் திட்ட வரவில்லை. பாவம், இத்தனை பேர் ஆடினோம், நம்மில் ஒருத்தருக்காவது வைக்கத் தோன்றியதா, அந்தப் பிள்ளையை மட்டும் என்ன சொல்ல என்று ஜெபமாலை சொன்னதை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். குழாய் வரட்டும், அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் ஒருத்தர் சொல்லிப் பார்த்தார். அவசரமே இல்லை பிள்ள, பொறுமையாகப் பார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள், ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு சாமானோடு.

அவசரம் அவளுக்குத்தான் இருந்தது. இருநூறு எழுத்துக்கு இடம் வேண்டும். நோட்டை வரி வரியாகப் பார்த்தாள். படுபாவி, ஒரு வரியைக்கூட வீணாக எழுதவில்லை. கிணற்றடியைப் பற்றிய வாசகத்தை எடுத்தால் மண்வெட்டி எங்கே என்று தெரியாது. படிக்கட்டைப் பற்றியதை எடுத்தால் கதவு திறக்காது. எந்த வரியைத் தொட்டாலும் ஆட்டம் பாதியில் நின்றது. எந்தத் துப்பும் இல்லாமல், எந்தக் கதவையும் திறக்காமல், ஆட்டத்துக்கு ஒரு பிரயோசனமும் இல்லாமல் மொத்த நோட்டிலும் ஒரே ஒரு பத்திதான் இருந்தது. முதல் இடத்தில், வீட்டு வாசலில், தங்கச்சியைப் பற்றின பத்தி. இருநூற்று ஆறு எழுத்து.

மூன்று நாள் அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்தாள். அவன் அவளைப் பற்றி இந்த உலகத்தில் எழுதி வைத்தது அது ஒன்றுதான். பம்பாயிலிருந்து அம்மாவுக்கு வந்த கடிதங்களில்கூட, எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும் என்பதோடு சரி. இதையும் வெட்டிவிட்டால் அவனிடம் தனக்கு என்று எதுவுமே இல்லாமல் போய்விடும் என்று நினைத்தாள். நாலாம் நாள் அவன் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

“அண்ணே, ஒனக்கு ‘வை’ வேணும்னா நான் என்னயத்தான் வெட்டணும். வேற எடமில்ல. வெட்டட்டா?”

ரெமி அவளைப் பார்த்தான். கட்டைவிரல் நகர்ந்தது. அம்புக்குறி ‘படி’ என்ற சொல்லில் போய் நின்றது.

அவள் நோட்டைப் பிரித்து வாய்விட்டுப் படித்தாள். “வாசல்படியில் உன் தங்கச்சி உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்கிறாள். நீ எங்கே போகிறாய் என்று கேட்கிறாள். தீவுக்கு என்கிறாய். நானும் வருவேன் என்று பாவாடையைச் சுருட்டிக்கொண்டு எழுந்திருக்கிறாள். படகில் ஒருத்தருக்குத்தான் இடம் என்று சொல்கிறாய். அவள் ஒன்றும் பேசவில்லை. நீ முக்குத் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.” படித்து முடித்தபோது அவளுக்கு அழுகை வந்தது. அவனுக்கும் வந்தது. துடைக்க அவள் கையில் சாவியும் நோட்டும், அவன் கையில் ரிமோட். அப்படியே வழியவிட்டார்கள்.

வெட்டினாள். புதுக் கேசட் செய்ய வேண்டும். ஈயம் உருக்கிப் பற்றவைக்கிற பற்றுக்கோலைப் பிடித்தால் வைக்க முடியாது, சிப்பை எடுத்தால் வைக்க முடியாது, ஒற்றை ஆளால் ஆகிற காரியமா? தெரு வந்தது. ஷர்மி பூதக்கண்ணாடியைப் பிடித்தாள், ஐஸ் கம்பெனிப் பையன்கள் ரெண்டு பேர் கம்பியும் குறடும் பிடித்தார்கள், ஜெபமாலை பலகையைப் பிடித்தார். சலேத் கேட்கக் கேட்கக் கைமாற்றினார்கள். பற்றுக்கோல் அவளிடம் வந்து, மூன்று புள்ளி வைத்து, அடுத்த கைக்குப் போய், மறுபடி வந்தது. பழைய சாமானைச் சரிசெய்கிறவர்கள் என்று யாரும் அவர்களைச் சொல்லமாட்டார்கள், இருந்தாலும் கேட்ட சாமான் கேட்ட நேரத்துக்கு வந்தது.

டிசம்பர் முதல் வாரம், ஞாயிறு மத்தியானம். பழைய கேசட்டை உருவி ஜெபமாலை கையில் பிடித்திருக்க, புதுக் கேசட் சலேத் கையில் தயாராக இருந்தது. பெட்டியில் சொருகப் போனபோதுதான் எல்லாருக்கும் ஒரேயடியாக உறைத்தது. சொருகுவதும் வைப்பதுதானே. பெட்டி வாயில் கேசட் நின்றது, விரல் விடமாட்டேன் என்றது. யார் யாரோ வாங்கி முயன்று பார்த்தார்கள். யார் கையை விட்டும் அது இறங்கவில்லை. சலேத்துக்குச் சீ என்று ஆகிவிட்டது. பதினொரு மாதமும் பதினாறு வாரமும் இந்த ஒரு விரல்கடை தூரத்தில் வந்து முட்டி நிற்கிறதே என்று அண்ணனைப் பார்த்தாள்.

அவன் ரிமோட்டை அண்ணாச்சி பக்கம் நீட்டினான். அண்ணாச்சி வாங்கிக்கொண்டார். காலியான இடது கையை அவன் மடிக்கு மேல் விரித்துக் காட்டினான். அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. சாவியையும் கேசட்டையும் ஷர்மியிடம் கொடுத்துவிட்டு, பெட்டியை ரெண்டு கையாலும் எடுத்து, அண்ணனிடம் கொடுத்தாள். அவன் அதை மடியோடு சேர்த்துப் பிடித்தான். அவள் கேசட்டைத் திரும்ப வாங்கி, வைக்கிறேன் என்று நினைக்காமல் உனக்குக் கொடுக்கிறேன் அண்ணே என்று நினைத்து, அவன் பிடித்திருந்த பெட்டியின் வாயில் கொடுத்தாள். வழுக்கிக்கொண்டு இறங்கியது. பெட்டியை அவள் வாங்கிப் பிடித்துக்கொள்ள, அண்ணாச்சி ரிமோட்டைத் திரும்ப அவன் கையில் கொடுத்தார்.

திரை வந்தது. ‘இது உன் வீட்டு வாசல்’ என்று ஒரு வரி, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. ரெமி அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் படகேறினான். துடுப்பு, மண்வெட்டி, தீப்பெட்டி, சங்கு, திறவுகோல், அரிக்கேன் விளக்கு என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு நாற்பது நிமிடத்தில் இடுக்குக்கு வந்து சேர்ந்தான். அம்புக்குறியைக் கீழே கொண்டுபோனான். பதின்மூன்றாவது வரியில் ‘வை’ இருந்தது.

துடுப்பை வைத்தான். வெளியே எங்கேயோ ஒரு பாத்திரம் தரையில் உட்காருகிற சத்தம் கேட்டது. மண்வெட்டியை வைத்தான், தெருக்கோடியில் குடங்கள் இறங்கின. தீப்பெட்டி, சங்கு, திறவுகோல் என்று அவன் வைக்க வைக்க, வீடு வீடாகக் கரண்டியும் வாளியும் சுத்தியலும் செருப்பும் இறங்கிக்கொண்டே வந்தன. அண்ணாச்சி படிக்கல்லை வாசலில் வைத்துவிட்டுக் கையை உதறினார். கடைசியில் அரிக்கேன் விளக்கு மட்டும் மிஞ்சியது. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒருத்தருக்கும் ‘வை’ என்று அடிக்கத் தோன்றாமல் போனதும் இதனால்தான், விளக்கை விட்டுவிட்டு இருட்டுக்குள் யார் போவார்? ரெமி அதையும் வைத்தான். வெறுங்கையோடு இடுக்குக்குள் நுழைந்தான். குழப்பி வைத்த எண்களைப் பெட்டி எழுத்தாக்கத் தொடங்கியது. யாரும் இதுவரை படிக்காத வாசகம் ஒவ்வோர் எழுத்தாக வந்தது.

‘இருட்டு. கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகிறது. உனக்கு முன்னாலேயே இங்கே ஒருத்தி வந்து உட்கார்ந்திருக்கிறாள். உன் தங்கச்சி. பாவாடை நனைந்திருக்கிறது. படகில் இடமில்லையே, எப்படி வந்தாய் என்று கேட்கிறாய். நீந்தித்தான் என்கிறாள். பாதி தின்ற கொய்யாப்பழத்தை உனக்குத் தருகிறாள். நீ தேடி வந்தது இதுதான்.’

சலேத் ஒரு தடவை படித்தாள், மறுபடியும் படித்தாள். முப்பது வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த கேள்வி எங்கே போனதென்று தெரியவில்லை. அவன் கூப்பிடாமல் போனது போனதுதான், அதை இந்த வாசகம் இல்லையென்று ஆக்கிவிடாது. ஆனாலும் ரயிலேறுவதற்கு ரெண்டு வருஷம் முன்னாலேயே இவள் எப்படியும் வந்துவிடுவாள், தன் காலிலேயே வந்துவிடுவாள் என்று எழுதிப் பூட்டி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறான். ரெமி ரிமோட்டைப் பக்கத்து முக்காலியில் தானே வைத்தான். காலியான கையை அவளைப் பார்த்து நீட்டினான். சாவியைக் கேட்கிறான் என்று அண்ணாச்சி நினைத்தார். அவளுக்குத் தெரியும் அவன் எதைக் கேட்கிறான் என்று.

வாசலுக்குப் போய், அண்ணாச்சி, ஒரு கொய்யாப்பழம் கிடைக்குமா என்று கேட்டாள். அண்ணாச்சி கடையில் பருப்பும் உப்பும்தான் உண்டு, பழத்துக்கு எங்கே போக? அவர் தெருவைப் பார்த்துச் சத்தம் கொடுத்தார். தெருக்கோடி வீட்டில் மரம் இருந்தது. அங்கே பறித்த பழம் ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு வந்தது, அங்கிருந்து அடுத்த கைக்கு வந்தது, மதில்களுக்கு மேலாக, சைக்கிளைத் தாண்டி, குழாய்க் குழியைத் தாண்டி, இருபத்திரண்டு வீட்டையும் கடந்து வந்தது. வழியில் யார் வேண்டுமானாலும் அதை ஒரு திட்டில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம், அன்றைக்கு அதற்குத் தடை எதுவும் இல்லை. யாரும் வைக்கவில்லை. கடைசியில் ஷர்மியிடமிருந்து சலேத் வாங்கினாள், வாசல்படியிலேயே நின்று பாதியைக் கடித்தாள், மீதியை உள்ளே கொண்டுபோய் அண்ணன் கையில் கொடுத்தாள்.